சோப்பக்கா செய்த தப்பு

"நான்தான் சார் தொட்டேன். வெறும் கையால தொட்டேன். எழுதிக்கோங்க!"

ஆய்வகத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றது சோப்பக்கா. அடையாளம் தெரியாமல் கிடைக்கும் எலும்புகளைப் பொடித்து, மரபணுவை வைத்து அவை யாருடையவை என்று கண்டுபிடிக்கும் அந்த இடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைப்பாள். அவள் அறையில் யாராவது தும்மினால் போச்சு, அன்றைக்கு முழுக்க அர்ச்சனைதான். அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

"நீங்களா? போன மாசம் கையுறையில ஓட்டைன்னு என்னையே வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினீங்களே அக்கா!"

"அன்னிக்கு என்னமோ புத்தி கெட்டுப்போச்சு சார்."

விஷயம் இதுதான். ஆற்றோரம் கிடைத்த நாற்பத்தோராம் எண் எலும்பைச் சோதித்தபோது, 'பணியாளர் மரபணுவோடு பொருந்துகிறது' என்று கணினி சிவப்பு எழுத்தில் காட்டியது. யாருடைய எச்சிலாவது வியர்வையாவது மாதிரியில் கலந்தால் பிடிபட வேண்டுமே, அதற்காக ஊழியர்கள் எல்லோருடைய மரபணுவையும் அதில் பதிந்து வைத்திருப்பார்கள். மாட்டியது யார்? சோப்பக்கா!

"கலந்துடுச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டா உங்க வேலை போயிடும் அக்கா. இதுவரைக்கும் நீங்க தொட்ட அத்தனை கேஸையும் கோர்ட்டுல கிழிப்பாங்க."

"கிழிக்கட்டும்."

"புதுசா சேர்ந்த பொண்ணைக் காப்பாத்தப் பாக்கறீங்களா?"

"ஐயோ பாவம், அவ அந்த அறைப் பக்கமே வரல. நான்தான்."

மூன்று நாளாகச் சாப்பிடாத முகம். இப்படிக் கெஞ்சிக் கூத்தாடி வேலையைத் தொலைக்கிற ஆளை அவர் பார்த்ததே இல்லை. எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"சரி, உக்காருங்க. கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போன உங்க பையன் போன் பண்ணானா?"

"பண்ணுவான் சார். அதை விடுங்க. எழுதுங்க."

"எழுதறேன். வெத்துக் குழாய் எங்கே?"

எலும்புத்தூள் போடாமல், அதே கையால் அதே மருந்துகளை மட்டும் விட்டு இன்னொரு குழாயையும் கூடவே சோதிப்பார்கள். கை அசுத்தமாக இருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். ஒரு முறைகூட அதை விடக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவளே சோப்பக்காதான்.

"உடைஞ்சு போச்சு சார்."

"பிளாஸ்டிக் குழாய் எப்படி அக்கா உடையும்?"

அவர் கணினிப் பக்கம் திரும்பினார்.

"வேண்டாம் சார், பாக்காதீங்க!"

பார்த்துவிட்டார். வெற்றுக் குழாயில் துளி அசுத்தம் இல்லை. அவள் கை எப்போதும் போலச் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. குழப்பத்தோடு நாற்பத்தொன்றைத் திறந்தார்.

"உங்க கை பட்டிருந்தா உங்க மரபணு முழுசா வந்திருக்கணும். இதுல எல்லா இடத்துலயும் பாதிதான் பொருந்துது. மீதிப் பாதி வேற யாரோ ஒரு ஆம்பளையோட..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

சோப்பக்கா அப்படியே தரையில் சரிந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டேன்னு எழுதிடுங்க சார்! இல்லேன்னா, எட்டு மாசமா போன் வரும் வரும்னு காத்துக்கிட்டிருக்கேனே, அந்தப் புள்ளையத்தான் என் கையாலயே பொடிச்சேன்னு ஆயிடும்!"