முதல் பக்கம் மட்டும் ஓசி

“இன்னொரு தடவ அழுத்திப் பாருண்ணா. இன்னிக்காவது தொறக்குதானு.”

முனிரத்தினம் அழுத்தினார். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ், பிரவுசிங், பட்டா மனு எல்லாம் ஒரே மேஜையில் நடக்கும் கடை அவருடையது. திரையில் அதே மருத்துவக் கட்டுரை, அதே பூட்டுப் படம்.

“தொறக்கலமா. மொதப் பக்கம் ஓசி. மீதிக்கு நாப்பது டாலர்.”

காவாந்தண்டலத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்த ஷீபா இங்கேயும் நின்றுகொண்டிருந்தாள். கடையில் இருந்த ஒரே பெஞ்சில் அவள் மகள் ஷாரோன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வலிப்புக்குப் பிறகு வரும் தூக்கம், எழுப்பினாலும் கலையாது.

“கட்டுனாலும் ஒரே நாளைக்குத்தான் தொறந்து வெப்பானாம்” என்றார் முனிரத்தினம்.

“வாடக சைக்கிளாண்ணா அது?”

“சைக்கிள்னா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுக் காசு குடுக்கலாமே.”

“கொஞ்சம் கொறச்சிக் கேட்டுப் பாரேன்.”

“யாரக் கேக்கறது? கல்லாவுல ஆளே இல்ல. வெறும் மிஷினு.”

பேரம் பேச முடியாத கடையை முனிரத்தினம் இந்த வயதில்தான் பார்க்கிறார். போன வாரம் ஷீபா பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்தபோது தன் கார்டையே போட்டுப் பார்த்தார். வெளிநாட்டுக்குச் செல்லாது என்று துப்பிவிட்டது. கட்டுரை எழுதிய டாக்டருக்குப் போட்ட மெயிலும் திரும்பி வந்தது. அந்த முகவரியில் அவர் இப்போது இல்லையாம்.

“நம்மூரு ஆஸ்பத்திரி டாக்டரம்மா இன்னா சொல்றாங்க?”

“அவங்களும் போன்ல தட்டிக்கினேதான் கீறாங்க. இந்த மாதிரி வலிப்பு ஒலகத்துலயே ரெண்டு மூணு கொயந்தைக்குத்தான் வந்துகீதாம். அதுல ஒண்ணுக்கு ஒரு மருந்து கேட்டுகீது. இன்னா மருந்து, எவ்ளோ குடுத்தாங்க, எல்லாம் இதுல கீது. குத்துமதிப்பா எழுதிக் குடுத்தா உசுருக்கே ஆபத்துன்றாங்க.”

முனிரத்தினம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓசிப் பக்கத்தை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘ஒரு மருந்து முழுப் பலன் தந்தது’ என்று இருந்தது. எந்த மருந்து என்பது பூட்டுக்கு உள்ளே.

“கெட்டிக்காரன். பொடவைய மடிச்ச மேனிக்குக் காட்டிட்டு முந்தானைய உள்ள வெச்சிக்கினான்.”

பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெண்ணின் படம். யாரென்று தெரியாமலிருக்கக் கண்களின் மேல் கறுப்புப் பட்டை. தாடையில் பிறை போல ஒரு தழும்பு.

“பாவம், யாரு பெத்ததோ” என்றார்.

ஷீபா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இதுல அந்த டாக்டருக்கு எவ்ளோண்ணா போவும்?”

“ஒரு பைசா போவாதாம். காலேஜு சாரு ஒருத்தரு சொன்னாரு. ஆராய்ச்சிக்குப் பணம் கவர்மெண்டுது. எழுதறது டாக்டரு. தப்பு பாத்துக் குடுக்கறவங்களுக்கும் கூலி கெடையாது. சரக்கு ஓசி, ஆளு ஓசி, பூட்டு மட்டும் அவனுது. நானும் இத்தினி வருசமா கட வெச்சிக்கினு கீறேன், எனக்கு இப்டி ஒரு யோசன வர்ல பாரு.”

ஷீபாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்து, வரும் வழியிலேயே களைத்துப் போனது.

முனிரத்தினம் திடீரென்று நிமிர்ந்தார். “ஏம்மா, இந்தப் புரோக்கர எதுக்குப் புடிச்சித் தொங்கினு கீறோம்? சரக்கு வந்த எடத்துக்கே போவலாமே. இந்தப் படத்துல கீற கொயந்தைக்கு அம்மான்னு ஒருத்தி இருப்பா இல்ல? தேடிப் புடிச்சிக் கேட்டா, இன்னா மருந்துன்னு ஒரே பேச்சுல சொல்லிட்டுப் போறா.”

“அவளுக்குத் தெரியாதுண்ணா.”

“பெத்தவளுக்குத் தெரியாமலா?”

“மெட்ராஸ் ஆஸ்பத்திரில பேரு சொல்லாம பொடியா மடிச்சிக் குடுத்தாங்க. அப்பறம் நாலு வருசம் கொயந்த நல்லாத்தான் இருந்துச்சு. மறுபடி வந்ததும் ஓடிப் போயிக் கேட்டா, பழைய ஃபைல் இல்ல, எல்லாம் கட்டுரைல கீது, படிச்சிக்கோன்னுட்டாங்க. கொயந்த யாருன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு அப்பவே கையெழுத்து வேற வாங்கிக்கினாங்க. அதுக்கு பயந்துக்கினு அவ வாயும் தொறக்கல.”

“இதெல்லாம் உனுக்கு எப்டிமா தெரியும்?”

ஷீபா பெஞ்சருகே குனிந்து, தூங்கும் மகளின் முகத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பினாள். அவள் கண்களின் மேல் இரண்டு விரலைப் பட்டையாகப் படுக்க வைத்தாள்.

“இப்பப் பாருண்ணா.”

திரையில் இருந்த தழும்பு பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தது.