ஒரே ஒரு வரி

"காலையிலேருந்து மல்லுக்கட்டுறேன் தம்பி. ஒரே ஒரு வரிதான் சேர்க்கணும். சேவ் பண்ண மாட்டேங்குது," என்றார் தலைமை எழுத்தரான பெரிய கிராணி யேசுதாசன்.

சுங்காய் பக்கத் தோட்ட அலுவலகத்தின் புதுக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க ஈப்போவிலிருந்து வந்திருந்தான் பத்துமலை. கோப்பு திறந்தது, சேமிக்கச் சொன்னால் மட்டும் மறுத்தது.

"டைப் அடிக்கிற இந்தப் பொண்ணு எதையோ அமுக்கிக் கெடுத்துருச்சு," என்று ஹில்டாவை முறைத்தார் கிராணி.

பத்துமலை பிளாப்பி டிஸ்க்கை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஓரத்தில் இருந்த சிறு வெட்டின்மேல் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு அண்ணே. இதை ஒட்டிட்டா படிக்கத்தான் முடியும், எதையும் மாத்த முடியாது. விஷயம் தெரிஞ்சவங்கதான் ஒட்டியிருக்காங்க லா."

"நான்தான் ஒட்டினேன்," என்றாள் ஹில்டா.

கிராணி திகைத்துப் போனார். "யாரைக் கேட்டு ஒட்டினே?"

"புல்லு மருந்து அடிக்கையில நல்லம்மா அக்காவுக்குக் கண்ணு போச்சு. நாம கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடிய அவங்க போடலைன்னு விபத்து அறிக்கையில ஒரு வரி சேர்க்கச் சொல்றீங்க. நாம கண்ணாடியே கொடுக்கலையே ஐயா!"

"தம்பி, அந்த ஒட்டுத்தாளை மொதல்ல பிச்சு எடுங்க!" என்று கத்தினார் கிராணி.

"எடுங்க அண்ணே," என்று எழுந்து நின்றாள் ஹில்டா. "ஐயா மாத்தட்டும். மாத்தாத அறிக்கைய நேத்தே அச்செடுத்து யூனியன்ல கொடுத்துட்டேன். விசாரணையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கட்டும்."

பத்துமலை டிஸ்க்கைக் கிராணியிடம் நீட்டினான். அவர் கை நீளவில்லை.