செய்த கைகள்

அடுப்படியில் குக்கருக்குள் சோளம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி அதைவிடச் சத்தமாக வெடித்தாள்.

“ஏ அம்மணி, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்ற நேரத்துல மக்காச்சோளம் பொரிக்கிறயே, கிறுக்கா புடிச்சிருக்குது உனக்கு?”

“பாப்கார்ன்மா. கேரமல் போட்டு மெத்துன்னு செய்யப் போறேன். கம்ப்யூட்டர் சென்டர்ல ஒரு பிள்ளை சொல்லிக் குடுத்தா” என்றாள் ஷைலா.

“அவங்க பல்லடத்துல கோழிப் பண்ணை வெச்சிருக்கறவங்கடி! கோழிக்குப் போடறதைச் சம்பந்திக்குப் போட்டா உருப்பட்ட மாதிரிதான்!”

ஷைலா காதில் வாங்கவில்லை. நாட்டுச்சர்க்கரையும் வெண்ணெயும் வாணலியில் கொதித்தன. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தாள். உருண்டது. உடனே இறக்கிவிட்டாள்.

“இன்னும் கெட்டிப் பதம் வரலியே? இப்படி எறக்குனா நமுத்துப் போயிரும்.”

“கெட்டியானா மெத்துன்னு வராதும்மா.”

பெண்ணுக்கு வெந்நீர் வைக்கத் தெரிந்ததே போன வருஷம்தான். அவள் பதம் பற்றி வகுப்பு எடுக்கிறாள்! சமையல் தெரியாது என்ற காரணத்துக்காகத்தான் அந்தியூர்ச் சம்பந்தம் தட்டிப் போனது. அதனால் இந்த முறை தரகரிடம் அன்புச்செல்வி கொஞ்சம் தாராளமாகவே சொல்லி வைத்திருந்தாள். எங்க பொண்ணு செய்யாத பலகாரமே இல்லீங்க!

சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே? காலையிலேயே கணவர் பெனடிக்டை டி.வி.எஸ். ஐம்பதில் சுங்கம் பஸ் ஸ்டாப்புக்கு விரட்டினாள். அங்கே ஒரு பேக்கரியில் கை முறுக்கும் தட்டுவடையும் யார் வீட்டிலோ செய்வதை வாங்கி விற்கிறார்கள். பார்த்தால் கடைச் சரக்கு என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. அட்டைப்பெட்டியைக் கிழித்து அடுப்பில் போட்டு, பலகாரத்தை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“எல்லாம் நான் செஞ்சேன்னு பொய் சொல்லோணுமா? அதுல ஒண்ணாவது நெசமா இருக்கட்டும்னுதான் இது” என்றாள் ஷைலா, பாகில் பொரியைக் கொட்டிக் கிளறியபடி.

மாப்பிள்ளை ரூபனும் அவன் அம்மா ஜெபமணியும் வந்தார்கள். பண்ணையில் கோழிகளுக்கு ஊசி போடும் நாள் என்பதால் அப்பா வரவில்லை.

தட்டுகள் வந்தன. அன்புச்செல்வி ஒளித்து வைத்திருந்த பாப்கார்னையும், விவரம் தெரியாத பெனடிக்ட் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அவளுக்கு அவரைக் கொன்று போடலாம் போலிருந்தது.

“ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கலாமுங்க” என்று பெனடிக்ட் கண்ணை மூடினார். “ஆண்டவரே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும். இதைச் செய்த கைகளையும் ஆசீர்வதியும்.”

“ஆமென்!” என்றாள் ஜெபமணி. கொஞ்சம் பலமாகவே சொன்னாள். பக்தியான குடும்பம் என்று அன்புச்செல்விக்கு மனசு குளிர்ந்தது.

“முறுக்கு எடுத்துக்கோங்க. விடியக்காலம் எந்திரிச்சு எங்க ஷைலா சுத்துனதுங்க.”

“அப்படிங்களா! சுத்து பிசகாம இருக்குதுங்களே. மாவு ஊட்டுலயே இடிச்சதுங்களா, கண்ணு?”

ஷைலா தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் சிவந்து போனது.

“அவளுக்கு வெக்கமுங்க” என்று அன்புச்செல்வி முந்திக்கொண்டாள். “இடிச்சு, சலிச்சு, எல்லாம் அவளேதானுங்க.”

ஜெபமணி முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தட்டிலேயே வைத்துவிட்டாள். “இதென்னங்க?”

“அது... அது சும்மா, தமாசுக்கு...”

“பாப்கார்னுங்க” என்றாள் ஷைலா. “இது மட்டும் நான் செஞ்சதுங்க.”

இது மட்டும்! அன்புச்செல்வி மகளை முறைத்தாள். எல்லாம் போச்சு.

ஜெபமணி ஒன்றை வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்று போட்டாள். அப்புறம் கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எங்க கோழிகளுக்கு இப்படிப் போட்டா முட்டையே இனிக்குமுங்க” என்றான் ரூபன். ஷைலா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான்.

கிண்ணம் பாதி காலியானதும் ஜெபமணி கையைத் துடைத்துக்கொண்டாள். “பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. சமையலெல்லாம் மெதுவாக் கத்துக்கலாம்.”

அவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று சொன்னேனே, இன்னும் என்ன கத்துக்கொள்ள? அன்புச்செல்விக்குப் புரியவில்லை. ஆனால் கொட்டிக் கிடக்கும் சந்தோஷத்தில் அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்? உள்ளே ஓடி, மீதி முறுக்கையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கிளம்பியவர்களை வழியனுப்ப வாசலுக்கு வந்தாள்.

“பண்ணையில இருக்கற அண்ணனுக்குக் கொண்டுபோயிக் குடுங்க.”

“முறுக்கு வேண்டாமுங்க. அந்தப் பாப்கார்ன் மிச்சமிருந்தாக் குடுங்க.”

“ஏனுங்க, முறுக்கு நல்லால்லீங்களா? நீங்க ஒண்ணுகூடக் கடிக்கலியே?”

ஜெபமணி மகனை முன்னால் போகவிட்டு, அன்புச்செல்வியின் காதருகே குனிந்தாள்.

“நல்லா இல்லாம என்னங்க! சுங்கத்துப் பேக்கரிக்கு வாராவாரம் இந்த முறுக்கைச் சுத்தி அனுப்பறவளே நாந்தானுங்க. உங்க ஊட்டுக்காரரு ‘செய்த கைகளை ஆசீர்வதியும்’னாருங்களா, ஆமென் கொஞ்சம் சத்தமா வந்துபோட்டுதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”