வெறும் வெளிச்சம்

“சித்தி வராம எனக்கு ஒரு படமும் வேணாம்!”

ராஜாம்பாள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். முகூர்த்தப் பட்டு கட்டியாச்சு. நகை போட்டாச்சு. முதுகையே மறைக்கிற பூ ஜடை தைச்சாச்சு. படம்தான் பாக்கி.

போட்டோக்காரர் சர்தார் பாய் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். “வெயில் ராஜகிரி மலை மேல ஏறிடுச்சும்மா. சீக்கிரம் ஆவட்டும்.”

பெண்ணின் அம்மா ரத்தினம்மாள் ஓடி வந்து மகள் பக்கத்தில் குனிந்தாள்.

சித்தி என்பது அவளுடைய தங்கை செல்லம்மாள். இருபது வயதில் உதட்டோரம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு முகத்தில் பாதி, கைகளில் பாதி என்று படர்ந்துவிட்டது. ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஊர் அதைக் காதில் வாங்கவில்லை. வந்த வரனெல்லாம் வாசலோடு திரும்பியது. அக்கா வீட்டோடு தங்கி, அக்கா மகளைத் தூக்கி வளர்த்தாள். இன்றைக்கு அந்த ஜடையைத் தைத்ததும் அவள்தான்.

மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனம். அவர்கள் கண்ணில் இதுவரை அவளைக் காட்டவில்லை. பெண் பார்க்க வந்த அன்று, சிங்கவரம் கழனியில் மல்லாட்டைச் செடி பிடுங்குவதாகப் போய்விட்டாள். இன்றைக்கும், “எல்லாரும் சத்திரத்துக்குப் போயிட்டா வீட்ட யாரு பாக்கறது? நான் இருக்கேன்” என்று அவளாகவே சொன்னாள்.

‘நீயும் வாடி’ என்று ரத்தினம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லாம் சரியாகத்தான் போனது. இப்போது இந்தப் பெண் அடம் பிடிக்கிறது.

“ஆல்பம் அவங்க வீட்டுக்குப் போவும்டி. வரவங்க போறவங்க எல்லாம் புரட்டுவாங்க.”

“புரட்டட்டும். எங்க சித்தி மூஞ்சி இன்னா திருட்டு மூஞ்சியா?”

“மெதுவா பேசுடி. அவ காதுல விழப் போவுது.”

“உனக்கு வெக்கமா இருந்தா நீ நிக்காத. நானும் சித்தியும் நிக்கறோம்.”

ரத்தினம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. பாயை நடைக்குக் கூட்டிப்போனாள்.

“பாய், ஒரு உபகாரம்.” முந்தானை நுனியைத் திருகினாள். “என் தங்கச்சி நிக்கும்போது படம் எடுக்காதீங்க. வெளிச்சத்த மட்டும் பளிச்சுனு அடிச்சிடுங்க. அப்புறமா பொண்ணு கேட்டா, பிலிம் வீணாப் போச்சுன்னு சொல்லிடுங்க.”

“என் கையில பிலிம் வீணாப் போனதில்லம்மா.”

“தெரியும் பாய். எனக்கோசரம் சொல்லுங்க. நாளைக்கு அந்த வீட்டுல, இது ரத்தத்துல வரதுன்னு ஒரு பேச்சு கெளம்பிட்டா, எம்பொண்ணு பொழப்பு இன்னா ஆவறது?”

சர்தார் பாய் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

“சரிம்மா.”

செல்லம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்தாள். “நான் எதுக்குடி? அடுப்புக்கரி புடவையோட!” என்று பிகு பண்ணினாள். ராஜாம்பாள் விடவில்லை. இழுத்துப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். ஜடை நுனி சித்தி கையில். கண்ணாடியில் இரண்டு முகம்.

“சிரிக்கணுமா பாய், உம்முனு இருக்கணுமா?”

“சிரிங்கம்மா.”

“பல்லு தெரியலாமா?”

“சித்தி, செத்த நேரம் சும்மா இரேன்!” பெண் குலுங்கிச் சிரித்தாள்.

பளிச்.

“இன்னொண்ணு” என்றார் பாய்.

பளிச்.

“நல்லா விழுந்திருக்குமா?” என்று கேட்டாள் செல்லம்மாள்.

“ஜோரா விழும்மா.”

ரத்தினம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கை பக்கம் திரும்ப முடியவில்லை.

வாசலில் கார் ஆரன் அடித்தது. ராஜாம்பாள் சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் அப்பாவோடு காரில் ஏறினாள். செல்லம்மாள் வாசலுக்குக்கூட வரவில்லை. கதவுக்கு உள்ளே நின்றே கையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வண்டிக்காக ரத்தினம்மாளும் பாயும் வாசலில் நின்றார்கள். அவளுக்கு நெஞ்சு உறுத்தியது. உறுத்தலை மறைக்க எதையாவது பேச வேண்டியிருந்தது.

“நல்லவேளை பாய். அவ ஒரு வெகுளி. வெளிச்சம் அடிச்சதுமே நம்பிட்டா.”

கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்தார்.

“யாரும்மா நம்பினது? நேத்து பூ வாங்க வந்த உங்க தங்கச்சி நேரா என் கடைக்கு வந்தாங்க. ‘நான் நிக்கலைன்னா எங்க பொண்ணு அழுவும். நிக்கறேன். நீங்க படம் எடுக்காம வெளிச்சத்த மட்டும் அடிச்சிடுங்க’ன்னாங்க.”

ரத்தினம்மாள் உள்ளே அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ...”

“நானும் அதத்தாம்மா கேட்டேன். வேணும்னா உங்க அக்கா வந்து சொல்லட்டுமே, உங்களுக்கு ஏன் இந்த வேலைன்னு.”

பாய் அவள் முகத்தைப் பார்க்காமல் பையைத் தோளில் மாட்டினார்.

“‘எங்க அக்கா இதக் கேக்கவே கேக்காது பாய். அதுக்கு மனசு வராது. அதாலதான் நானே வந்தேன்’னாங்க.”