புகாரே வராத மாதம்

2024 ஜூன் 12, புதன்கிழமை காலை, தாம்பரத்திலுள்ள ஓர் அச்சுக்கோப்பு மென்பொருள் நிறுவனத்தில், நிரலாளர் துர்காவை வேலையிலிருந்து நீக்கலாமா என்று உரிமையாளர் நஃபீசா விசாரணை நடத்தினார்.

பிழை கண்ட இடத்தில் மென்பொருள் நின்றுவிட வேண்டும் என்பது துர்காவின் கட்சி. பிழையுள்ள பகுதியைச் சத்தமின்றி விட்டுவிட்டு மேலே செல்ல வேண்டும் என்பது மேலாளர் அக்தரின் ஆணை. ஒரு மாதமாக ஆணையே நடைமுறையில் இருந்தது.

"அங்கங்க நின்னா கஸ்டமர் பேஜாராயிடுவான் மேடம். இவங்க தினமும் இதுக்கே சண்டை போடுறாங்க," என்றார் அக்தர். "இந்த மாசப் புகார் ரிப்போர்ட்டைப் பாருங்க."

தலைப்புக்குக் கீழே தாள் வெள்ளையாக இருந்தது.

"ஒரு புகார்கூட இல்லையேம்மா. இனி என்ன சொல்றே?" என்றார் நஃபீசா.

துர்கா வாய் திறப்பதற்குள் பல்லாவரத்து அச்சக உரிமையாளர் மாணிக்கவேல் கல்யாணப் பத்திரிகையோடு உள்ளே வந்தார்.

"மாப்ள பேரையே காணோம் மேடம். யாருக்குய்யா பொண்ணு குடுக்கறேன்னு பொண்ணு வூட்டுக்காரரு என்னாண்ட கேக்குறாரு. மாசம் பூரா புகார் அனுப்பிகினு கீறேன், ஒரு பதிலு இல்ல."

"எங்களுக்கு ஒண்ணும் வரலையே," என்றார் அக்தர்.

"எல்லாம் வந்துச்சு சார்," என்றாள் துர்கா. "தப்பான பகுதியையும் புகார்ல ஒட்டி அனுப்பணும்னு கஸ்டமர்கிட்ட சொன்னது நீங்க. அந்த ரிப்போர்ட்டும் நம்ம சாஃப்ட்வேர்லதானே ரெடியாகுது? தப்பைப் பாத்ததும், மாப்பிள்ளை பேரை விட்ட மாதிரியே புகாரையும் விட்டுட்டுப் போயிடுச்சு."

நஃபீசா வெள்ளைத் தாளை அக்தர் பக்கம் திருப்பி வைத்தார்.

இறுதியில் எடுக்கப்பட்ட முடிவு: துர்கா பணியில் நீடிப்பார். மென்பொருள் பிழை கண்ட இடத்தில் நின்று, அதைச் சொல்லும். மாப்பிள்ளையின் பெயரை எல்லாப் பத்திரிகைகளிலும் அக்தர் தம் கையாலேயே எழுதித் தருவார்.