இவருக்குப் பதில் இவர்

அவள் அழுதுகொண்டிருந்தாள்.

என் படத்துக்கு முன்னால்.

படத்தில் எனக்குச் சந்தன மாலை. மேலே சின்னதாகச் சிவப்பு பல்பு. நான் இந்தப் பக்கம், டிவிக்கு எதிரே, பாயில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்க இருந்திருந்தா எனக்கு இந்தக் கதி வருமாப்பா?" என்றாள்.

என் வாயில் வேர்க்கடலை. மெல்லலாமா, கூடாதா என்று தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து கன்னியம்மா ஓடி வந்தாள். என் பெண்டாட்டி. முதலில் டிவியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சினிமாக்காரனை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். சீரியல்காரனை விட்டுவிட்டேன்.

எங்கள் பின்தெருப் பங்களாவை ஷூட்டிங்குக்கு விடுவார்கள். அங்கிருந்து ஒருவன் வந்தான். காதில் கடுக்கன். "பெரியவரே, உங்க முகத்துல ஒரு களை இருக்கு. ஒரு போட்டோ எடுத்துக்கறோம். கதாநாயகிக்கு அப்பா நீங்கதான்" என்றான்.

தண்ணி லாரி ஓட்டிய முகத்தில் என்ன களை. ஆனாலும் சவரம் செய்துகொண்டு போனேன்.

அப்பா என்றான். செத்துப்போன அப்பா என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் குடைந்து குடைந்து கேட்கிறவன், அதை மட்டும் கேட்காமல் விட்டேன்.

அன்று முதல் தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு எனக்குத் திவசம்.

அங்கே அவள் என் படத்துக்கு விளக்கு ஏற்றுவாள். இங்கே கன்னியம்மா அவசரமாக நெற்றியில் குங்குமம் வைப்பாள். அங்கே பூ போடுவாள். இங்கே இவள் உப்பும் மிளகாயும் எடுத்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவாள். நெடியில் நாங்கள் இருமுவோம்.

அங்கே அவளும் இருமுவாள். மாமியார்க்காரி பாலில் எதையோ கலந்திருந்தாள்.

தெருவிலும் விடவில்லை.

"இன்னா பெருசு, அந்தக் கெழவி பால்ல மருந்து கலக்குறா. நீ செவுத்துல இருந்து பாத்துக்கினே கீற. நாயமா?" என்றாள் மீன்காரி தங்கம். கூடையைக்கூட இறக்கவில்லை.

"நான் இன்னா பண்ணுவேன்?"

"கீழ வுழறது. படம் வுழுந்தா அந்தப் பொண்ணு உஷாராயிருக்கும்ல."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதும் சரிதான்.

அந்தப் பெண் அழுவது நடிப்பு. கிளிசரின். எனக்குத் தெரியாதா.

ஆனாலும் தினம் என்னிடம் சொன்னாள். ரசத்தில் உப்பு கூடிப்போனதை. நாத்தனார் நகையை எடுத்து மாட்டிக்கொண்டதை. வேலைக்குப் போக ஆசையாக இருப்பதை. இந்த வீட்டில் என்னிடம் யார் என்ன சொல்கிறார்கள்? சோறு ஆறுது. மோட்டாரை நிறுத்து. அவ்வளவுதான்.

ஏழு மணிக்குள் முகம் கழுவி, சட்டை போட்டு உட்கார ஆரம்பித்தேன்.

கன்னியம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு பின்தெருவுக்குக் கிளம்பினாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாட்சிக்கு.

"உசுரோட கீற ஆளுக்கு மாலை போட்டு வெச்சிருக்கீங்களே, உங்க வூட்ல இப்படிப் பண்ணுவீங்களா? இதோ பாரு, மூச்சு வுடுறாரு."

கடுக்கன் போட்டவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். வேறு படம் மாட்டிக்கொள்கிறோம் என்றான்.

அந்தப் பெண் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு இது?" என்றாள்.

தினம் அழுதவள்.

சீரியலில் ஆள் மாறினால் எழுத்து போடுவார்கள். இனி இவருக்குப் பதில் இவர் என்று. எனக்கு அதுகூடப் போடவில்லை. அடுத்த வாரம் வேறு ஒருத்தன் என் ஆணியில் தொங்கினான். தடித்த மீசை. காது கேட்காதவன் முழி.

அவனிடமும் "அப்பா" என்றாள். அதே அழுகை.

அந்த சீரியல் வீட்டில் ஒருத்தருக்கும் அப்பா மாறியது தெரியவில்லை. மாமியாருக்குத் தெரியவில்லை. பெற்ற பெண்ணுக்கே தெரியவில்லை.

கன்னியம்மா அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்ததுபோல இருந்தது. மாலை போட்டிருந்தபோது அப்படி இல்லை.

மறுநாள் ஏழு மணி. பழக்க தோஷம், சட்டை போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கன்னியம்மா வந்தாள். டிவியை நிறுத்தினாள். அதன் முன்னாலேயே, எனக்கு எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் இப்படி என் முகத்துக்கு நேராக உட்கார்ந்து எத்தனை காலமோ.

"இன்னா?" என்றேன்.

"பேசாத. நான் வாயத் தொறந்தாலே குறுக்க பூந்துடுவ. அந்தப் பொண்ணு சொன்னப்போ மட்டும் ஆடாம அசையாம கேட்டுக்கினு இருந்தியே. அப்படியே குந்து."

நிமிர்ந்து சுவரோடு சாய்ந்தேன். வாயை மூடினேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள்.

கழுத்து அரித்தது.

சொறியவில்லை.