கடைசி ஏடு

அந்தப் பள்ளி நூலகத்தில் இருந்தது ஒரே ஒரு கதைப்புத்தகம். நாற்பது பிள்ளைகளும் படிக்க வேண்டுமே என்று ஆசிரியை பூங்கோதை அதன் தையலைப் பிரித்து, நாற்பது ஏடுகளையும் ஆளுக்கு நாளுக்கோர் ஏடாக முறைவைத்துக் கொடுத்து வந்தாள். நூலகப் பணத்தை அரசு தரவில்லையென்று பெற்றோர் வழக்குத் தொடுத்திருந்தனர். அந்த வழக்கில் அரசுக்காக வாதாட வேண்டிய தலைமை வழக்கறிஞரை அந்நாட்டில் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர்; அப்பதவிக்குத் தேர்தலில் நின்ற இருவரும் அன்று அந்த நூலக அறைக்கே வந்து, ஒலிபெருக்கியில் நூலைத் தெய்வமென்று மாறி மாறிப் போற்றினர்.

"அப்ப எங்களுக்கு எதிரா வாதாட மாட்டீங்கல்ல?" என்றாள் பூங்கோதை.

"கேஸ் கோர்ட்டுல இருக்கும்மா. கருத்துச் சொல்லக் கூடாது," என்றார் முதலாமவர்.

"அண்ணன் சொன்னதேதான்," என்றார் மற்றவர். பகைவர் இருவரும் அந்த இடத்தில் ஒருதாய் மக்கள் ஆயினர்.

பிறகு வடை வந்தது. முதலாமவர் மேசையில் கிடந்த தாளை எடுத்து விரல் எண்ணெயைத் துடைத்தார்; மற்றவர் அதையே வாங்கித் தம் வாயைத் துடைத்துக் கசக்கி எறிந்தார். அது கதையின் கடைசி ஏடு. முப்பத்தொன்பது நாள் படித்து அதற்காகக் காத்திருந்த சிறுமி செம்பவளம் ஓடிப் பொறுக்கி, கண்ணில் ஒற்றி, விரித்தாள். எண்ணெய் ஊறி இரு பக்கத்து எழுத்துகளும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

"டீச்சர், கெணத்துல விழுந்தவ பொழச்சாளா?"

பூங்கோதை ஒலிவாங்கியை முதலாமவர் வாயருகே நீட்டினாள்.

"ஐயா படிச்சுப் பாத்துட்டுத்தான் தொடச்சிருப்பாரு கண்ணு. அவரையே கேளு."

வாய் நிறைந்த வடையை அவர் மெல்லும் ஓசை தெருவெங்கும் கேட்டது.